பூவாயி நேர்ந்துவிட்ட கிடா

நல்லமுத்து அண்ணன் என் கடைக்கு வருவதற்கு முன்னால் அவருடைய மூச்சு வந்துவிடும். செம்மநத்தம் போகிற ரோட்டில், எஸ்டேட் கேட்டுக்கு எதிரே இருக்கிறது என் டீக்கடை. காலையில் பனி இறங்கிவிட்டால் முன்னால் நிற்கிற பஸ்கூடத் தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து விசில் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடியும் கேட்கும். நான் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவேன். அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கி முடிப்பதற்கும் டீ ஆறுவதற்கும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

எங்கள் மலைக்கு ஜனங்கள் வருவதே காற்றுக்காகத்தான். மே மாதம் பிறந்தால் கீழேயிருந்து கார் காராக ஏறி வருவார்கள். என் கடை வாசலில் இறங்கி, கையை விரித்து, நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "ஆகா, என்ன காத்து" என்பார்கள். பக்கத்திலேயே பெஞ்சில் ஒரு மனுஷன் அந்தக் காற்றில் ஒரு வாய் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருப்பார். அவர்கள் அவரைப் பார்த்ததும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். ஒட்டிக்கொள்ளுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அவர்களுக்கு டீயில் சர்க்கரை குறையும்.

ஆனால் அவர் அப்படியே பிறந்தவர் அல்ல. எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். ஆகாயத்தைத் தொடுகிற மரங்கள். அதில் ஏறி மிளகு பறிக்கவும், காப்பிச் செடிக்கு வெயில் விழுவதற்காகக் கிளை கழிக்கவும் அவரை விட்டால் ஆள் இல்லை. ஏறுகிறபோதே பேச்சு. உச்சியில் போய் நின்றுகொண்டு கீழே பழம் பறிக்கிற பெண்களை வம்புக்கு இழுப்பார். அந்தக் குரல் அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேட்கும். பூவாயியை அவர் அப்படித்தான் பிடித்தார். "மரத்து மேல இருக்கற மட்டும்தான் இந்த வாயி. கீழ எறங்குனா எம்மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லு" என்று அவள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அவர் இறங்கி வந்து பேசினார். அந்த வைகாசியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. அந்த மழையில் அவருக்குச் சளி பிடித்தது. சளி போயிற்று, இருமல் தங்கிவிட்டது. இருமல் ஓய்ந்தபோது நெஞ்சுக்குள் அந்த விசில் உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் பாதி மரத்தில் மூச்சு நின்றுபோய், கொடியோடு மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தொங்கினார். கயிறு போட்டு இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த மரத்திலும் ஏறவில்லை.

முதல் வருஷம் பார்க்க வராதவர்கள் கிடையாது. ஆரஞ்சு என்ன, ரொட்டி என்ன. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கும். இரண்டாவது வருஷம் வழியில் பார்த்தால் விசாரித்தார்கள். அதற்கப்புறம் அதுவும் நின்றது. குறை சொல்ல முடியாது. செத்துப்போனால் ஒரு முறை வந்து அழலாம், பிழைத்துக்கொண்டால் ஒரு முறை வந்து சிரிக்கலாம். இரண்டும் இல்லாமல் ஒருவர் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான்? அவருக்கும் அது தெரிந்தது. யாராவது "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், "தேவலைங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். நீளமாகச் சொல்ல மூச்சும் கிடையாது, கேட்க அவர்களுக்கு நேரமும் கிடையாது.

டவுனில் ஒரு டாக்டர் இருந்தார். நல்ல மனுஷர். பூவாயியை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாராம். "இது தீர்ற வியாதி இல்லைம்மா. கூடவேதான் இருக்கும். ஏறும், இறங்கும். மருந்தை விடாம, பனியில நனையாமப் பாத்துக்கிட்டா காலத்தை ஓட்டலாம்." அவள் திரும்பி வரும்போது என் கடையில் நின்று பொரிந்து தள்ளினாள்.

"ஏனுங்கண்ணா, தீராத நோவுன்னு ஒண்ணு இருக்குமா? வந்ததுக்கு வழி இருந்தா, போறதுக்கு வழி இருக்காதா? படிச்சவரு பேசற பேச்சா இது?"

அவளுக்கு அது கடைசி வரைக்கும் மண்டையில் ஏறவில்லை. ஆடாதோடை, தூதுவளை, யார் யாரோ சொன்ன லேகியம், எல்லாம் ஆயிற்று. கிளியூர்ப் பக்கம் ஒருத்தன் வௌவால் கறி தின்றால் இழுப்பு நிற்கும் என்றான். அதை எப்படியோ பிடித்துவரச் செய்து, குழம்பு வைத்து, காடைக்கறி என்று சொல்லிப் போட்டாள். அண்ணன் தின்றுவிட்டு மறுநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, ரெக்கையில வெரல் இருக்கற காடைய நேத்துத்தான் பாத்தேன்." அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனசு நொந்துபோகும் என்று அவருக்குத் தெரியும்.

பனி ஆகாது, கீழே போங்கள் என்றார்கள். அடிவாரத்தில் ஒரு வீடு பிடித்துக் கொஞ்ச நாள் இருந்து பார்த்தார்கள். அங்கே லாரிப் புழுதி. மேலே பனியில் இழுத்தது கீழே புழுதியில் இழுத்தது. திரும்பி வந்துவிட்டார்கள். எஸ்டேட்டில் பூவாயி வேலைக்குப் போனாள். அவருக்கு நாற்றுப் பையில் மண் அடைக்கிற வேலை கொடுத்தார்கள். வயசான பெண்களோடு உட்கார்ந்து மண் அடைத்தார். உச்சி மரத்தில் நின்று ஊரைக் கூப்பிட்ட ஆள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது.

அப்போதுதான் பூவாயி முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டாள். எஸ்டேட் எல்லையில், காடு தொடங்குகிற மேட்டில் இருக்கிறார் முனியப்பன். கீழேயிருந்து வேலைக்கு வந்த எங்கள் பாட்டன் பூட்டன்கள் தங்கள் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்த சாமி. அவர் முன்னால் நின்று, கையில் ஒரு ஆட்டுக் குட்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். "சாமி, எங்கூட்டுக்காரருக்கு இந்த இழுப்பு அடியோட நிக்கோணும். நின்ன அன்னைக்கு இந்தக் கெடாய உனக்குக் குடுக்கறேன்." குட்டியின் காது நுனியை வெட்டி அடையாளம் வைத்தார்கள். அன்றிலிருந்து அது சாமி சொத்து. விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது.

எல்லாரும்தான் நேர்ந்துகொள்கிறோம். ஆனால் நாங்கள் வார்த்தையைக் கொஞ்சம் தளர்வாக விடுவோம். கொஞ்சம் சுகம் தெரிந்தால் செய்துவிட்டு வந்துவிடலாம். பூவாயி 'அடியோட' என்று சொல்லிவிட்டாள். மாசி மாதத்தில் அவருக்கு எப்போதும் கொஞ்சம் தேவலையாக இருக்கும். அப்போது லைனில் இருக்கிறவர்கள் சொல்வார்கள், "இப்பத்தான் நல்லா இருக்காரே பூவாயி, கெடாய வெட்டிப்போடு." அவளும் ஆசையோடு அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே எங்கேயோ மெலிசாக அந்த விசில் இருக்கும். "இன்னும் இருக்குது. அடியோடன்னு சொல்லிருக்கேன். பொய் சொல்லிக் குடுத்தா அது குடுத்ததாகுமா?" என்பாள். அடுத்தது காப்பி பூக்கிற காலம். மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, வாசனை நாலு பக்கமும் வீசும். அந்த வாசனையில் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தி, சந்தில் துணியைத் திணித்துவைப்பாள் பூவாயி.

இப்படியே வருஷங்கள் போயின. கிடா வளர்ந்து, கொம்பு திருகி, தாடி விட்டு, பெரிய மனுஷன் ஆகிவிட்டது. அடிக்க ஆள் இல்லை என்பது அதற்குத் தெரிந்துபோயிற்று. துரை பங்களாப் பூந்தொட்டியில் வாய் வைக்கும். என் கடையில் பிஸ்கட் ஜாடியை முட்டும். சாமி கிடா, என்ன செய்வது? திட்டினால்கூட, "சாமி, கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?" என்றுதான் திட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அண்ணனோடு நடக்கும்போது மட்டும் அது வேறு மாதிரி. அவருக்கு நாலு எட்டு நடந்தால் நிற்க வேண்டும். கிடாவும் நிற்கும். அவர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டால் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் வந்து அவர் தொடையை ஒட்டி நின்றுகொள்ளும். அவர் அதன் முதுகில் கையை ஊன்றிக்கொள்வார். யாரும் பழக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இத்தனை வருஷம் நின்று நின்று நடந்ததில் தானாக வந்தது.

மகள் காவேரியை அடிவாரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் தலைமாட்டில் மாத்திரை டப்பா போய் வாயில் வைத்து அழுத்துகிற பம்பு வந்தது. அவர் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார். பூவாயி அவர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் கண்ணயர்வாளாம். மூச்சு மாறினால் கைக்குத் தெரிந்துவிடும் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்று ஒரு நாள்கூடப் படுக்காதவள். எலிக்காய்ச்சல் என்றார்கள், மஞ்சளாகக் கண் மாறியது, சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊர் முழுக்க அவருடைய சாவுக்குத்தான் மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தது. அவரே அப்படித்தான் இருந்தார். அவள் போவாள் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. ஆம்புலன்சிலிருந்து அவளை இறக்கும்போது அவர் அழக்கூட முடியாமல் பம்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அழுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

காரியம் முடிகிற வரைக்கும் ஜனங்கள் சும்மா இருந்தார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்கள். சாமிக்கென்று காது அறுத்துவிட்ட கிடாவை இத்தனை வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு, நாளைக்கு என்று பூவாயி சாமியை ஏய்த்துவிட்டாள், அதுதான் அவளையே எடுத்துக்கொண்டது என்றார்கள். என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து சொன்னார்கள். "எந்திரிச்சுப் போய்யா" என்று ஒருத்தனை விரட்டிவிட்டேன். விரட்டி என்ன பிரயோசனம், பேச்சு அவர் காதுக்குப் போய்விட்டது.

அவர் பூசாரி அங்கப்பனிடம் போனார். அங்கப்பன் எஸ்டேட்டில் வேலை செய்கிற சின்ன வயசுக்காரன், உறவில் அவருக்கு மருமகன் முறை.

"மாமா, சொன்னவங்க போயிட்டா, ஆருக்காகச் சொன்னாங்களோ அவங்க வந்து முடிக்கலாமுங்க. ஆனா நோவு தீந்துருச்சுன்னு சாமி முன்னால உங்க வாயாலயே சொல்லோணும். அப்பறம் கெடா சிலுப்பிக் குடுக்கோணும்."

சிலுப்பிக் கொடுப்பது என்றால் இதுதான். கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாமல் வெட்ட மாட்டார்கள்.

"சொல்லீர்றேன்" என்றார் அண்ணன்.

அந்த மாசி மாதம் முழுக்க அவர் என் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினார். "சாமி, எனக்கு இழுப்பு அடியோட நின்னுபோச்சு, பூவாயி சொன்ன கெடாய வாங்கிக்க." பாதியில் மூச்சு உடையும். நிறுத்திவிட்டு, மறுபடியும் தொடங்குவார். "அண்ணா, எதுக்குங்க இந்தப் பாடு? உங்களுக்கு நிக்கலைன்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா தெரியட்டும் தம்பி. அவளச் சாமிய ஏச்சவன்னு சொல்றாங்க. நான் ஒரு பொய்யச் சொல்லிட்டா அவ பேரு சுத்தமாயிரும். எனக்காகத்தான அவ சொன்னா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். காவேரி அடிவாரத்திலிருந்து வந்திருந்தாள். அவர் கிளம்பும் முன் பம்பை அடித்துக்கொண்டு, சலவை வேட்டி கட்டி, நிமிர்ந்து நடந்தார். மேடு ஏற ஏற அவர் நின்றார், கிடா நின்றது. இந்த வயசில் கிடாவுக்கும் முழங்கால் போய்விட்டிருந்தது. ஒரு இடத்தில் அது நின்றது, அவர் காத்திருந்தார். பின்னால் லைன் ஜனம் முழுக்க வந்தது. என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று வந்தவர்கள்தான் அதிகம்.

முனியப்பன் முன்னால் போய் அவர் வெகு நேரம் உட்கார்ந்து மூச்சை அடக்கினார். பிறகு எழுந்து நின்று கையைக் கூப்பினார். சொன்னார். ஒரு வார்த்தை உடையவில்லை. மரத்து உச்சியிலிருந்து கூப்பிட்ட அந்தப் பழைய குரல் அது. பூவாயி பேரைச் சொல்லும்போதுகூட அது நடுங்கவில்லை. காவேரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கே ஒரு நொடி உண்மையாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

அங்கப்பன் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான். கிடா நின்றது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடி ஊற்றினான், காதுக்குள் விழுகிற மாதிரி. கிடா தலையைக்கூட அசைக்கவில்லை. அந்த அமைதியில், அதுவரை அவர் அடக்கி வைத்திருந்த மூச்சு மெல்ல விசிலடிக்க ஆரம்பித்தது. எல்லாருக்கும் கேட்டது. கிடாவுக்கும் கேட்டது. அது திரும்பிப் பார்த்தது. நனைந்த உடம்போடு நடந்து வந்து, எப்போதும் போல அவர் தொடையை ஒட்டி நின்றுகொண்டது.

"இன்னொரு வாட்டி ஊத்தட்டுங்களா மாமா?" என்றான் அங்கப்பன்.

"வேண்டாங்க மாப்ள." அவர் கிடாவின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொல்ல முடிந்தது. "பொய் சொல்லிப்போட்டேன். எனக்கு நிக்கலை. அடியோட நின்னாத்தான்னு... அவ சொன்னா. இன்னும் நிக்கலை. அப்பறம் அவ எங்க ஏச்சா? அவ சாமிக்கு... ஒண்ணும் பாக்கி வைக்கலை. எல்லாரும் கேட்டுக்கங்க."

கேட்டுக்கொண்டார்கள். பூவாயியைப் பற்றிப் பேசிய வாய்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. இறங்கி வரும்போது என் கடை வாசலில் கிடா நின்று, தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு உதறு உதறியது. எங்கள் மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர். அங்கப்பன் சங்கடத்தோடு அவரைப் பார்த்தான். அரிவாள் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"குளுருக்கு உதறுதுங்க மாப்ள, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார் அண்ணன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் காதைத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. நோய் அப்படியேதான் இருந்தது, குறையவில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவ போயிட்டான்னுதான் நெனச்சேன். ஆனா இந்தக் கெடா இருக்கற வரைக்கும் அவ கேட்டது கேட்டபடி நிக்குதுங்க. இன்னும் எனக்காக அந்த மேட்டுல நின்னு கேட்டுட்டுத்தான் இருக்கா." பக்கத்தில் கிடா பல் இல்லாத வாயால் என் கடை பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் ஜாடியை மூடவில்லை.

ஐப்பசி மழையில் கிடா எழுந்திருக்கவில்லை. வயசாகித்தான் செத்தது. பூவாயியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள்.

மறுநாள் காலையில் பனிக்குள்ளிருந்து விசில் கேட்டது. பாலை ஏற்றினேன். அவர் வழக்கமாக நிற்கிற இடங்களில் எல்லாம் சத்தம் நின்று நின்று வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆறியது. வெகு நேரம் கழித்து, டம்ளரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"நோவு இருக்குதுங்க தம்பி. இனி எனக்காகக் கேக்கறதுக்குத்தான் ஆருமில்லை."

நான் அந்த டீயை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு வேறு டீ போட்டுக் கொடுத்தேன்.